ஒன்றை அழுத்துங்கள்

எனக்கு மிளகு ரசம் இல்லாமல் சோறு இறங்காது. கொல்லிமலைத் தேவனூர் நாட்டுச் சென்றாயன் வருஷா வருஷம் ஒரு படி மிளகு கொண்டுவந்து தருவார். வேண்டாமென்றால் கேட்கமாட்டார். அவரைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன்.

மலைக்கு வரும் ஆம்புலன்ஸ்களுக்கு நான்தான் பொறுப்பு. போன வருஷம் நிர்வாகச் சீர்திருத்தம் என்று ஒன்று வந்தது. எந்த அழைப்பையும் நாற்பது நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். தாண்டினால் என் பெயருக்கு நேரே திரையில் சிவப்பு விழும். கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறிவர ஒன்றரை மணி நேரமாகும். மலைக்குத் தனி நேரம் கேட்டு இரண்டு முறை எழுதினேன். 'மனு முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. முடித்துவைப்பது எப்படி என்று நானும் கற்றுக்கொண்டேன்.

அழைத்தவர் போனில் ஒன்றாம் எண்ணை அழுத்தினால், உதவி கிடைத்துவிட்டது என்று பதிவாகும். மலைக்காரர்கள் ஆபீசர் பேச்சைத் தட்டமாட்டார்கள். முப்பத்தெட்டாவது நிமிஷம் நானே கூப்பிட்டு அழுத்தச் சொல்வேன். உடனே டிரைவருக்குப் பயணம் ரத்து என்று தகவல் போகும். நான் தனியாகப் போன் போட்டு, நீ பாட்டுக்கு ஏறு என்பேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆடியில் ஒருநாள் காலை பதினோரு மணி. சென்றாயன் மனைவி பெருமாயிக்குக் குழந்தை பிறந்து ரத்தம் நிற்கவில்லை.

"வண்டி வருதுங்களா, சார்?"

"வருது. ஒன்னை அழுத்துங்க."

"அழுத்திட்டனுங்க."

அன்று எங்களைப் பாராட்ட வந்த குழு எதிரே உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் டிரைவருக்கு எப்படிப் போன் போடுவது? வண்டி பாதி மலையில் திரும்பி இறங்கிவிட்டது. சென்றாயன் மறுபடி மறுபடி கூப்பிட்டார், வண்டியும் மறுபடி மறுபடி புறப்பட்டது. மொத்தம் மூன்று தடவை அழுத்தச் சொன்னேன். மூன்று தடவையும் வண்டியைத் திருப்பியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பெருமாயி மதியம் ஒன்றரைக்குப் போய்விட்டாள். திரையில் மூன்றும் பச்சை. குழு கைதட்டியது.

காரியம் முடிந்து, பச்சைக் குழந்தையை மாரில் அணைத்தபடி சென்றாயன் வந்தார்.

"நான் சரியா அழுத்தலீங்களா, சார்? என்னாலதான் போயிட்டாளுங்களா?"

எனக்குப் பாவமாக இருந்தது. தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"போனது போகட்டும். அடுத்த தடவை சரியா அழுத்துங்க."

தலையாட்டிவிட்டு மிளகுப் பையை மேஜைமேல் வைத்தார். வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அவர் மனசு நோகும்.