பக்கத்து இருக்கையின் பிரேக்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஓர் அட்டையை மடித்து அடியில் செருகினால் ஆடாது. வயதானவர் யாராவது வந்து உட்கார்ந்து விழுந்துவைத்தால் உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் கெட்ட பெயர். இருங்கள், நானே செருகிவிடுகிறேன். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியே பழகிப்போன ஆள் நான்.

என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். விமானத்திலிருந்து முதல் தடவை குதித்தவர், பயத்தில் பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார், அதனால் விபத்து, பயிற்சியாளர் இறந்தார். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வார்த்தை தப்பு. 'பயத்தில்' என்ற வார்த்தை. அதை அடித்துவிடுங்கள். உண்மையில் என்ன நடந்தது என்று நிதானமாகச் சொல்கிறேன்.

இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். உங்கள் வீட்டம்மாவும் என்னிடம்தான் கற்றார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் இப்போது விட்டதா என்று தெரியவில்லை. எங்கள் பயிற்சி வண்டியில், கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். படிக்கிறவர் லாரிக்கு நேராக வண்டியை விட்டால் நான் அழுத்துவேன். வாய் அதுபாட்டுக்கு 'நல்லா ஓட்டுறீங்க, அப்படியே போங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கும். கால் தன் வேலையைப் பார்க்கும். பயத்தை முகத்துக்கு வரவிடக் கூடாது, காலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என் தொழிலே அவ்வளவுதான்.

பயந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு ஒரு டாக்டருக்குக்கூடத் தெரியாது. ஸ்டீயரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வார்கள். கத்தினால் விடமாட்டார்கள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். எதற்குச் சொல்கிறேன் என்றால், பயந்தவன் மாதிரி நடிப்பதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இனி இறந்துபோன பையன். என் மகளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். அவன் தொழில் விமானத்திலிருந்து குதிப்பது. தனியாகக் குதித்தாலாவது அவன் பாடு என்று விட்டுவிடலாம். முன்பின் தெரியாத ஆட்களைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கொக்கி மாட்டிக்கொண்டு குதிப்பான். பாராசூட் அவன் முதுகில் இருக்கும். மாட்டிக்கொண்டவர் சும்மா தொங்கினால் போதும். என் மகள் ஆபீஸ் தோழிகளோடு விளையாட்டாகப் போனவள், அவனோடுதான் குதித்தாள். கீழே வந்ததும் கொக்கியைக் கழற்றினார்கள். கழன்றது கொக்கி மட்டும்தான்.

நான் சம்மதம் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. 'யோசிக்கலாம்' என்றேன், யோசித்துக்கொண்டே இருந்தேன். அவனோ வீட்டுக்கு வந்த முதல் நாளே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். நான் ஒருநாளும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. தம்பி என்பேன், அதுவும் ஒப்புக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் காரில் எங்களை வெளியே கூட்டிப்போனான். நான் முன்னால், அவன் பக்கத்தில். மனைவியும் மகளும் பின்னால். நன்றாகத்தான் ஓட்டினான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அவன் அலட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு என் காலடியைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, அங்க பிரேக் இல்ல."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரைவிரிப்பை மிதித்த மிதியில் விரிப்பு சுருண்டு போயிருந்தது.

"பஸ்ஸுல போனாலும் இப்படித்தான் தம்பி," என்றாள் என் மனைவி, யாரோ கேட்டமாதிரி. "பல் டாக்டர் நாற்காலியில உக்காந்துகூட பிரேக் போடுவாரு."

"அப்பா, காலைத் தூக்குங்கப்பா. வண்டி ஓட்டையாயிடப் போகுது," என்றாள் மகள்.

அவன் மட்டும் எனக்குப் பரிந்து பேசினான். "சும்மா இருங்க. பயம் இருக்கிறது நல்லதுதான். மாமாகிட்ட படிச்சவங்க யாராவது எங்கயாவது இடிச்சதா கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கிண்டலை நான் மறந்திருப்பேன், ஐயா. மனைவியின் கிண்டலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவன் நான். ஆனால் பரிந்து பேசினான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. கொல்வது என்று அன்றைக்குத்தான் முடிவுசெய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் என்றால் காரணம் இல்லாமல் போய்விடும். அதற்குப் பின்னால் என்றால் திட்டம் போட நேரம் போதாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இருக்கட்டும்.

பிறகு ஒருநாள் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு தடவை அவர்கூட குதிச்சுப் பாருங்கப்பா. அப்புறமும் உங்களுக்கு அவரைப் பிடிக்கலைன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்." நான் மறுப்பேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். சரி என்றேன். மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவன் வேலை செய்யும் இடம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. தரையில் விரிப்புப் போட்டுப் பாராசூட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, தலையையும் காலையும் தூக்கி உடம்பை வில்லாக வளைக்கச் சொன்னான். என் வயிறு தரையில் இருந்தது. வில் எங்கேயும் தென்படவில்லை. 'அருமை மாமா' என்றான். நானும் மாணவர்களிடம் இப்படித்தான் புளுகுவேன்.

பிறகு முன்னால் வந்து உட்கார்ந்து சொன்னான். "நெஞ்சுப் பட்டையைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க. நான் தோள்ல தட்டினா கையை விரிங்க. இறங்கும்போது காலை முன்னாடி தூக்கிடணும், என் கால்தான் முதல்ல தரையில படணும். ஒண்ணே ஒண்ணு மாமா, என்ன ஆனாலும் என் கையைப் பிடிச்சுடாதீங்க. பாராசூட்டை இழுத்து விடறது அந்தக் கைதான்."

"பிடிச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. நான் இழுக்காட்டி, தரைக்குப் பக்கத்துல வந்ததும் ஒரு சின்னப் பெட்டி தானாவே இன்னொரு பாராசூட்டைத் திறந்துடும். என்ன, ரொம்பத் தாழ்வா திறக்கும். எங்க இறங்கறோம்னு நம்ம கையில இருக்காது."

கொல்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைச் சாகப்போகிறவனே இப்படி வரிசையாகச் சொல்லிக்கொடுத்தான். அவனை நல்ல வாத்தியார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் குறுக்கே கேட்டீர்கள்: "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே மாஸ்டர் தொங்கிட்டிருந்தீங்க? நீங்க மட்டும் பிழைப்பீங்கன்னு எந்தக் கணக்குல நினைச்சீங்க?" நியாயமான கேள்வி. இதற்கு நான் இன்னும் பதில் யோசித்து வைக்கவில்லை. எந்தத் திட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கத்தானே செய்யும்? மேஜைக்கு அடியில் என்ன பார்க்கிறீர்கள்? அது சுளுக்கிய கால், அதனால்தான் ஆடுகிறது.

விமானத்தின் கதவைத் திறந்தார்கள். அவன் என்னைச் சுமந்துகொண்டு வாசல் விளிம்பில் உட்கார்ந்தான். என் கால்கள் வெளியே தொங்கின. வீடுகள், சாலைகள், நான் ஆயுள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டவைத்த தெருக்கள், எல்லாம் கீழே யாரோ கொட்டிக் கவிழ்த்த சாமான் மாதிரி கிடந்தன. நான் நிதானமாக இருந்தேன். எவ்வளவு நிதானம் என்றால், குதித்ததே எனக்கு நினைவில்லை.

அவனுடைய கை இடுப்புப் பக்கம் போனது. அதை இரண்டு கையாலும் பிடித்தேன். நடிப்புத்தான், ஆனாலும் அசல் உடும்புப் பிடி. அவன் மறுகையால் என் விரல்களைப் பிரித்தான். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. சரியான முறை அதுதான், நானே பாராட்டியிருப்பேன். அந்தக் கையை விடுவித்ததும் நான் இந்தக் கையைப் பிடித்தேன். இப்படியே நேரம் போய்விட்டது. கடைசியில் அவன் சொன்ன சின்னப் பெட்டி தன் வேலையைச் செய்தது. ஒரு குலுக்கலில் என் பிடி விட்டுப்போனது.

அவன் சொன்னபடியே தாழ்வாகத்தான் திறந்தது. காற்று எங்களை இறங்கும் திடலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனது. எதிரே வண்டிகள் நிறுத்துமிடத்தின் சுற்றுச்சுவர். அவன் காலைத் தூக்கச் சொன்னான். நான் தூக்கவில்லை. அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவருக்குப் பக்கத்தில் வந்தபோது அவன் ஒரு பக்கத்துக் கயிற்றை முழுசாக இழுத்து இரண்டு பேரையும் திருப்பிவிட்டான். அவன் முதுகு சுவரில் மோதியது. எனக்குக் கணுக்காலில் சுளுக்கு.

இவ்வளவுதான் நடந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் உங்கள் வேலையும் சுலபமாக முடிந்திருக்கும். நேற்று என் மகள் என் அறைக்கு வந்தாள். அவள் வந்து கத்துவாள், மூஞ்சியில் விழிக்காதே என்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் கீழே உட்கார்ந்து என் கணுக்காலில் போட்டிருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் புதுசாகச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே அழுதாள்.

"நீங்க என்னப்பா பண்ணுவீங்க? நான்தான் உங்களை அனுப்பினேன். நீங்க பயந்த சுபாவம்னு தெரிஞ்சும் அனுப்பினேன்."

மகள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே, அவளைக் காப்பாற்றத்தான் இங்கே வந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படியும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், பொய்யில்லை. ஆனால் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாதது 'தெரிஞ்சும்' என்று சொன்னாளே, அதுதான். இத்தனை வருஷமாக வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் பயத்தைக் காலோடு நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள், ஐயா. சாகும்வரை மன்னித்துக்கொண்டே இருப்பாள். சாப்பாடு போடும்போது மன்னிப்பாள், மருந்து எடுத்துக்கொடுக்கும்போது மன்னிப்பாள். அப்பாவுக்கு மாடிப்படி ஆகாது, கூட்டம் ஆகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் மெதுவான குரலில் சொல்வாள். கொலைகாரனின் மகள் என்றால் நாலு பேர் ஒதுங்கிப் போவார்கள். பயந்தாங்கொள்ளியின் மகள் என்றால் சிரிப்பார்கள். ஒரு தகப்பன் இதில் எதைத் தேர்ந்தெடுப்பான், நீங்களும் பெண்ணைப் பெற்றவர்தானே, சொல்லுங்கள்.

உடனே, நாங்கள் குதித்தபோது பதிவான படத்தை நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். அவன் மணிக்கட்டில் ஒரு சின்னக் கேமரா இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும், இது என் தப்புத்தான். படத்தில் என் முகம் தெரிகிறது. அந்த முகத்தைப் பற்றிப் பேச வேண்டாம், காற்று அடித்தால் எல்லோர் முகமும் அப்படித்தான் கோணும். கேமரா திரும்பும்போதெல்லாம் கீழே என் வலது காலும் தெரிகிறது. அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. கீழே ஒன்றுமே இல்லை. கடைசிவரை அழுத்துகிறது.

பாராசூட் விரிந்ததும் காற்றுச் சத்தம் அடங்கிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பேசுவதெல்லாம் இந்த அறையில் பேசுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

"மாப்பிள்ளை, விட்டுடாதீங்க மாப்பிள்ளை," என்று ஒருவர் கதறுகிறார். குரல் என்னுடையது மாதிரித்தான் இருக்கிறது.

"விடமாட்டேன் மாமா," என்கிறான் அவன். சிரிக்கிறான் போலிருக்கிறது. "அங்க பிரேக் இல்ல. காலை மட்டும் தூக்குங்க."

அதற்குப் பிறகு சுவர்.

சாயங்காலம் என் மகள் இந்தப் படத்தைப் பார்க்க வருகிறாள் என்றீர்கள். அதற்குள் எழுதி முடித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். திட்டம் போட்டு, நிதானமாக, முழு நினைவோடு என் மாப்பிள்ளையை நான்தான் கொன்றேன். அவள் கேட்டால், கடைசியில் அவன் என்னைத் திட்டிக்கொண்டேதான் செத்தான் என்று சொல்லிவிடுங்கள். படத்தைச் சத்தம் இல்லாமல், என் இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினால் போதும்.