குலுக்கல் முடிந்த சீட்டு

சம்பவத்தின்போது என் கடையில் இருந்தவர்கள்: நான், நைனார்பாளையம் அம்மாசி, அவன் மனைவி செல்லியம்மாள், அவர்கள் ஓட்டிவந்த வெள்ளாடு. ஆட்டை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீல் ஐயா.

சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தருகே லாட்டரிக் கடை போட்டேன். சட்டப்படி நடக்கும் தொழில். சீட்டை அடிப்பது அரசாங்கம், குலுக்குவது அரசாங்கம். தோற்றவனின் வருத்தத்தில் எனக்குக் கமிஷன் மட்டும்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம், சாலையெல்லாம் வெட்டிப்போட்ட மரங்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை, கூலி வேலையும் இல்லை. விழுப்புரம் ஏஜென்ட் போனில் சொன்னார்: குலுக்கல் முடிந்துவிட்டது, மிச்சத்தைக் கிழித்துப் போடு. பரிசு எண்ணைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. விற்காத சீட்டுக்குப் பரிசு விழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு கட்டு மிச்சமிருந்தது. அரசாங்க முத்திரையைக் கிழிக்க மனம் வரவில்லை.

அம்மாசி ஆட்டை விற்று அரிசி வாங்க வந்தவன். மறியலால் குலுக்கலைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றேன். பஸ்ஸே ஓடாதபோது குலுக்கல் மட்டும் நடக்குமா என்று அவனே எனக்கு விளக்கினான். ஆட்டை வாங்கிக்கொண்டு முழுக் கட்டையும் கொடுத்தேன்.

"இந்தக் காயிதத்த ஒலையில போட்டா சோறாவுமாய்யா?" என்று செல்லியம்மாள் புருஷனைக் கேட்டாள்.

அன்று அவர்கள் பிள்ளைகள் பட்டினி என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் குழம்பு நன்றாக அமைந்தது.

மரங்களை அகற்றியதும் பேப்பர் வந்தது. முதல் பரிசு அந்தக் கட்டில் இருந்தது.

நைனார்பாளையத்துக்கு சைக்கிளை மிதித்தேன். "அம்மாசி, அது செல்லாத சீட்டுப்பா. குடுத்துடு."

செல்லியம்மாள் முந்திக்கொண்டாள். "செல்லாத காயிதத்துக்கா வேர்த்துக்கினு இம்மாந்தூரம் வந்தீங்க? எங்க ஆட்ட ஓட்டியாந்து வுட்டுட்டு, எடுத்துக்கினு போங்க."

ஆடு அந்த நிலையில் இல்லை.

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏமாற்றி விற்றால் அது விற்பனையே இல்லை. ஆகவே சீட்டு இன்னும் என்னுடையது. நேர்மையாக யோசிக்கும் எவனுக்கும் இது புரியும்.

இன்ஸ்பெக்டருக்குப் புரிய நேரமானது. "இன்னாய்யா வேடியப்பா, ஏமாத்துனேன்னு நீயே சொல்றியா?"

"ஆமாங்க. தெரிஞ்சேதாங்க செஞ்சேன். அழுத்தி எழுதிக்கோங்க."

அம்மாசியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அதுவரை உள்ளே குந்தச் சொன்னார். முதல் பரிசுக்காரனை வெளியே தனியாக விடமாட்டார்கள்தானே. உள்ளே போனேன். ஏட்டு எனக்குப் பின்னால் கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.