மோட்டாரில் கோளாறு இல்லை

கார் கிளம்பவில்லை என்றதும் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறவர்கள்தான் அதிகம். அவசியமே இல்லை சார். நிதானம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், ஒருவர் பானெட்டைத் திறந்து காது கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாவி எப்போதும் என் மனைவி கையில். நான் "ம்" என்றால் திருப்புவாள், "போதும்" என்றால் விடுவாள்.

அன்று காலை அவள் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திரும்பி வரமாட்டாளாம். பெரிய சண்டையெல்லாம் இல்லை. நான் அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறேனாம். அக்கறைக்கு அப்படியும் ஒரு பெயர் வைக்கலாம். அவள் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிற ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. முன்பும் இப்படிச் செய்ததுண்டு. வண்டி கிளம்பாவிட்டால் அவள் கோபமும் தானாக ஆறிவிடும்.

ஆனால் பெட்டியில் இருந்த தூசி அவளுக்கு ஆகவில்லை. இழுப்பு வந்துவிட்டது. பம்ப்பை எடுத்து அழுத்தினாள், மருந்து தீர்ந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று தானே வந்து காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை.

அப்போதே மாட்டியிருக்கலாமே என்பீர்கள். பானெட்டைத் திறந்த கையோடு கோளாறு சரியாகிவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வராதா? அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது? எனக்கு வெட்கமாக இருந்தது சார், மறைக்கவில்லை. அதனால் முறைப்படி போனேன். ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது, பேட்டரியில் குறை இல்லை. டெர்மினலைச் சுரண்டி இறுக்கினேன். "ம்" என்றேன். திருப்பினாள்.

பக்கத்து வீட்டு டெய்லர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன தம்பி, தங்கச்சிக்கு முடியலையா? என் வண்டிய எடுக்கட்டா?"

"வேணாம்ண்ணே, இதோ ஆயிடுச்சு" என்றேன். நல்ல மனிதர். நம்பிப் போய்விட்டார்.

பிறகு ஸ்பானரால் மோட்டாரைத் தட்டினேன். உள்ளே ஏதாவது சிக்கியிருந்தால் தட்டினதும் விட்டுவிடும். "ம்" என்றேன். திருப்பினாள். உதடு நிறம் மாறியிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, விட்டுவிட்டுச் சொன்னாள்: "பாக்கெட்ல இருக்கறத... மாட்டுங்க. நான் எங்கயும் போகல."

"எந்தப் பாக்கெட்ல?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் தட்டினேன். அந்த நேரத்தில் மாட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே.

அடுத்த தடவை "ம்" என்றபோது அவள் திருப்பவில்லை. ரிலேயை மாட்டினேன். அவள் மடிக்கு மேலே கையை விட்டு நானே சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பிற்று. "பாத்தியா, சின்னக் கோளாறுதான்" என்று அவளிடம் சொன்னேன்.

ரிலேயை எடுத்தவன் நான். கையில் வைத்துக்கொண்டே மாட்டாமல் நின்றவனும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை விட்டுப் போகப் பார்த்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். எங்கேயும் போகவில்லை என்று அவளே தன் வாயால் சொன்னாள்.