சாவித்ரியின் அளவுக்கு ஒரு பந்தயக் கார்

தக்காண மண்ணிலும் தமிழ் தழைக்கத் தோள்கொடுத்து நிற்கும் செகந்திராபாத் தமிழ் மன்றத்தின் தலைவர், தார்நாகா ஆய்வுக்கூடத்தின் தகைசால் அறிவியலாளர், அண்ணன் முனைவர் ஃபெலிக்ஸ் அவர்களே! மூட்டுவலியை வீட்டில் விட்டுவிட்டு முகமலர்ச்சியை மட்டும் கொண்டுவந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டு எங்களைப் பின்வரிசைக்கு விரட்டிவிட்ட அன்புத் தாய்மார்களே! தமிழில் கேட்டுத் தெலுங்கில் சிரிக்கும் தங்கக் குழந்தைகளே! இந்த லக்ஷ்மிநாராயணனின் நெஞ்சம் நிறைந்த பொங்கல் வணக்கம்.

எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறீர்கள். எதற்காக? வெளியே மைதானத்தில் நிற்கிறதே ஒரு சிவப்புக் கார், சுருட்டுப் போல நீண்ட உடலும், மூடாத சக்கரங்களும், ஒரே ஓர் இருக்கையுமாக, அந்தக் காலத்துப் பந்தயக் காரைப் போல! அதை வீட்டுக் கொட்டகையில் கட்டியவன் நான். கட்டியவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டவைத்தது யார்? ஓடவைத்தது யார்? அதைச் சொல்லாமல் இந்தச் சால்வையோடு நான் திரும்பினால் வீட்டில் எனக்குக் காபி கிடைக்குமா? அங்கே ஒரு தாயார் "கிடைக்காது" என்கிறார். அனுபவம் பேசுகிறது!

என் மனைவி சாவித்ரி சோழவரத்துப் பெண். அங்கே கார்ப் பந்தயம் நடந்த நாள்களில் வேலியோரம் நின்று, வேகத்தை வேடிக்கை பார்த்து வளர்ந்தவள். ஐதராபாத் வந்தபின் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தினாள். நானோ கம்பெனி பஸ்ஸில் ராமச்சந்திராபுரம் டர்பைன் தொழிற்சாலைக்குப் போகிறவன். எங்கள் பஸ்ஸை அவள் முந்துவாள். "லக்ஷ்மி, உங்க வீட்டு எக்ஸ்பிரஸ் போகுது பாரு!" என்று பஸ்ஸே கூவும். எனக்கு வெட்கமா? இல்லை ஐயா, பெருமை! பொங்கிவரும் பெருமை!

ஒரு மழைநாளில் அந்த ஸ்கூட்டர் சறுக்கியது. தோள் முறிந்தது. எலும்பு கூடியது, துணிவு கூடவில்லை. அதன்பின் ஆட்டோவில் ஏறினால்கூடக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வேகத்தை விரும்பியவள் வீதியைப் பார்க்கவே அஞ்சினாள் என்றால், அதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் சும்மா இருக்க முடியுமா?

ஓய்வு பெற்றதும் கார் கட்டத் தொடங்கினேன். பரிசுக்காகவா? பத்திரிகையில் படம் வரவா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! அவள் கை மறுபடி ஒரு வண்டியைச் செலுத்த வேண்டும் என்பதற்காக. "நான் தொட மாட்டேங்க" என்றாள். "தொட வேண்டாம். அளவெடுக்கணும், சும்மா உட்காரு" என்றேன். ஞாயிறுதோறும் வெறும் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்தாள். முதலில் கையைக் கட்டிக்கொண்டு. பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டு. பிறகு வாயாலேயே "ர்ர்ரூம்" என்று ஓட்டிக்கொண்டு! அமர அமர அவள் பயம் இறங்கியது. இறங்கிய பயம் எங்கே போனது தெரியுமா? நேராக என் கையில் வந்து ஏறியது!

அவள் உட்காரப் போகிறாளே என்று இங்கே ஒரு தகடு வைத்தேன். கால் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே ஒரு தகடு வைத்தேன். நானோ வாழ்நாளெல்லாம் டர்பைன் செய்த ஆள். இருக்கும் இடத்தை விட்டு அசையாமல் இருப்பதுதான் எங்கள் பொருளின் சிறப்பு! அந்தக் கையால் கட்டினால் பந்தயக் கார் என்னவாகும்? பழைய மாருதி வேன் இன்ஜின் முழங்கியது, முக்கியது, முனகியது. கொட்டகை வாசல் சரிவைக்கூட வண்டி ஏறவில்லை. தள்ள வந்த பக்கத்து வீட்டு மென்பொருள் தம்பி இர்பான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நக்கோ சார், வேண்டாம்! இது ரேஸ் கார் இல்ல, ரோடு ரோலர்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் பெரிய இன்ஜின் போடுகிறேன்" என்று வீம்பு பிடித்தேன். அப்போது சாவித்ரி அருகில் வந்து அமைதியாகச் சொன்னாள்: "விழுந்தது நான். பயப்படுறது நீங்க. எனக்குக் கார் கட்டுறேன்னு கோட்டை கட்டி வெச்சிருக்கீங்க. கழட்டுங்க."

கழற்றினோம்! எந்தத் தகடு வேண்டும், எது வெறும் பயம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் தலைவர் ஃபெலிக்ஸ். அண்ணே, உங்களுக்கு நன்றி! தள்ளிய கையாலேயே வெட்டும் மெஷினைப் பிடித்தார் இர்பான். தம்பி, உனக்கு நன்றி! கழன்று விழுந்த ஒவ்வொரு தகட்டையும் நான் குனிந்து எடுத்து ஓரமாக அடுக்கினேன். கடைசித் தகட்டை அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள்.

பிறகு குடியிருப்பு மைதானத்தில் ஹெல்மெட்டும் பெல்ட்டும் அணிந்து அமர்ந்தாள். எங்கள் மகள் ஹம்ஸினி, "அம்மா, நெம்மதிகா!" என்று தெலுங்கில் கத்தினாள். மெதுவாகப் போகச் சொன்னாளாம். கேட்டாளா? சாவித்ரியா கேட்பாள்? புழுதி பறந்தது! கண்ணை மூடிப் பயணம் செய்தவள் கண்ணைத் திறந்துகொண்டு பறந்தாள்! நான்தான் அழுதுகொண்டு நின்றேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அன்பானவர்களே, அந்தக் காரில் எனக்கு இடமில்லை. அவள் அளவுக்குக் கட்டியது. என் உடம்பு நுழையாது. ஆனால் என்மீது நம்பிக்கை வைத்து, வெறும் இரும்புக் கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தாளே, அந்த மனத்தில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறாள். அது போதும் எனக்கு. இந்தச் சால்வை அவளுக்கே உரியது. சாவித்ரி, மேடைக்கு வா என்றால் வரமாட்டாய், தெரியும். மைதானத்துக்கு வா. வண்டியைக் கிளப்பு.

வந்தோர்க்கும் வாழ்த்தினோர்க்கும் நன்றி, வணக்கம். எல்லோரும் எழுந்து வெளியே வாருங்கள். பழைய கம்பெனி பஸ் பயணியாக நானும் உங்களோடு ஓரமாக நிற்கிறேன். அதோ பாருங்கள், எங்கள் வீட்டு எக்ஸ்பிரஸ் போகப் போகிறது!