ஆணி அறியா அரங்கம் அமைத்த ரேவதி அம்மையாருக்கு

மூங்கிலை முறியாமல் வளைத்தவரே, முறைகேட்டுக்கு மட்டும் முதுகு வளைக்காத முதன்மை வடிவமைப்பாளரே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய ரேவதி அம்மையீர், வணக்கம்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஜூஜுவாடியில் நம் கண்காட்சி அரங்கப் பணிமனையில் உழைத்து, இன்று ஓய்வு பெறுகிறீர்கள். பாராட்டு மடல் என்றால் பன்னீர் தெளித்தாற்போல் இருக்க வேண்டும் என்றார்கள். மன்னியுங்கள், எங்கள் வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு மாலை போட எங்களுக்கு வரவில்லை.

தெர்மாகோலையும் பிளக்ஸையும் ஒட்டி அரங்கு அமைத்து, மூன்றாம் நாளே ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டிய காலத்தில், குப்பையே மிஞ்சாத அரங்கை வரைந்து காட்டிய வித்தகர் நீங்கள். ஜவளகிரிப் பக்கத்துக் கூடை முடையும் வீடுகளில் மூங்கில் கழிகளையும் கூடைகளையும் விலைக்கு வாங்காமல் இரவலாகக் கேட்டு வந்தீர்கள். ஆணி இல்லை, போல்ட் இல்லை, பசை இல்லை. கற்றாழை நார்க் கயிற்று முடிச்சுதான் எல்லாம். கண்காட்சி முடிந்து முடிச்சை அவிழ்த்தால் கழி தக்காளித் தோட்டத்துக்கு ஊன்றுகோலாகப் போகும், கூடை மண்டிக்குக் காய் சுமக்கப் போகும். துளைபட்ட கழியில் தண்ணீர் இறங்கி, காய்ப் பாரத்தில் அந்த இடத்திலேயே முறியும் என்பதால் ஓர் ஆணிக்கும் நீங்கள் இடம் கொடுத்ததில்லை. அவசரத்தில் ஒருமுறை ஆணி அடித்த நம் லாரி ஓட்டுநர் கோபியை, திறப்பு விழாவுக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போதே முழுத் தூணையும் பிரித்துக் கட்ட வைத்தீர்கள். அன்று அவர் உங்களைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. இந்த மடலை எழுதச் சொன்னவரே அவர்தான்.

இந்த ஆண்டு பெங்களூரில் உங்கள் அரங்கு பரிசு பெற்றது. பரிசோடு வந்த அரங்கை நம் பணிமனைக்குள் மறுபடி கட்டி நிறுத்தியதும் மேலாளர் பிரதாப் அவர்களுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார், கேட்கட்டும். "நம்ம கேட்லயே பர்மனென்டா நிக்கட்டும் மேடம், போல்ட் போட்டு வார்னிஷ் அடிச்சிடலாம்" என்றார். முடைந்தவர்களின் பெயர்ப்பலகையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்; கம்பெனி பெயருக்கு இடம் போதவில்லையாம். ஊரார் கைவேலையை உலகுக்குக் காட்டுகிறோம் என்று மேடைதோறும் முழங்கும் வாய்க்கு, அந்த ஊராரின் பெயர் கசக்கிறது. வெட்கக்கேடு.

தக்காளி நாற்று நடும் முன் கழிகள் வந்துவிடும் என்று, அந்த வீடுகளுக்காகப் பேசிய வெள்ளையம்மாவிடம் நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். போன வாரம் அவர் போனில் கேட்டுவிட்டார்: "நாத்து நட்டாச்சு ரேவதியம்மா, செடி தரையில படுத்தா காயெல்லாம் அழுகிப் பூடும். எங்க கழி எப்ப வரும்?" நீங்கள் மேலாளரிடம் நடையாய் நடந்தீர்கள். "ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு மேடம் டென்ஷன்?" என்ற பதில்தான் கிடைத்தது. நீங்கள் மேசையைக் காலி செய்யும்வரை காத்திருந்து, நாளைக்குப் போல்ட் இறக்க ஆள் சொல்லி வைத்திருக்கிறார்கள். வாக்குக் கொடுத்தவரை வழியனுப்பிவிட்டால் வாக்கும் கூடவே போய்விடும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆகவே அம்மையீர், இன்று காலை பணிமனை திறந்ததும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து உங்கள் அரங்கின் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டோம். ஒரு கழிகூடக் கீறவில்லை. கோபியின் லாரி இந்நேரம் ஜவளகிரிப் பாதையில் தளியைத் தாண்டியிருக்கும். அதனால்தான் அவரை இந்த விழாவில் காணோம். பெயர்ப்பலகையும் அதே லாரியில் போகிறது.

நோய் நெருங்காமல், நொந்த சொல் கேளாமல், நூறாண்டு நிமிர்ந்தே வாழுங்கள். யாருக்கும் பாக்கி வைத்த வாக்கு ஒன்றும் இல்லாமல் நிம்மதியாக வீட்டுக்குப் போய்வாருங்கள்.

மேலாளர் அவர்களே, இதைச் செய்தது யார் என்று நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. கீழே கையொப்பம் இட்டிருக்கிறோம்.

வாழ்த்தியவர்களும் அவிழ்த்தவர்களும்,
பணிமனைப் பணியாளர்கள் அனைவரும்,
ஜூஜுவாடி, ஒசூர்.