கொழுந்தியாள் மீன் தொட்டியைக் கொடுத்தது பற்றி மெத்தைக்காரர் சொன்னது

என்னைக் கடைத்தெருவில் மெத்தைக்காரர் என்று கேட்டால்தான் தெரியும். மெத்தை, சோபா, வண்டி சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேல் மாடியிலேயே குடியிருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணத்தின்போது மூன்று வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தேன். மனைவி இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் இந்தக் காவல் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் இருப்பதால் இந்த வரியை மட்டும் மெதுவாகப் படிக்கும்படி எழுத்தர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். படிப்பு நான்காம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

இறந்துபோனவள் என் மனைவியின் தங்கை. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் சின்னப் பிள்ளையிலிருந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. சைக்கிள் பழகும்போது பிரேக் பிடிக்காமல் நேராக என் பஞ்சுக் குவியலுக்குள் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து அவளைக் கேப்டன் என்று கூப்பிட்டேன். பெரியவளானதும் நிஜமாகவே விமானம் ஓட்டப் படிக்கப் போய்விட்டு, "எல்லாம் உங்க வாய் முகூர்த்தம்தான் மாமா" என்றாள்.

முதலில் மூக்கில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம் ஓட்டினாள். அதில் உரிமம் வாங்கிய பிறகு சிறிய ஜெட் விமானத்துக்குப் பயிற்சி ஆரம்பித்தது. பழைய விமானத்தில் தப்பு செய்தால் யோசிக்க நேரம் இருக்கும், ஜெட்டில் நாம் யோசித்து முடிப்பதற்குள் அது அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும் என்று சொன்னாள். அதனால் எல்லாம் கைக்குத் தானாக வரவேண்டும் என்றாள்.

அதன் பிறகு நான் ஒரு பழைய கார் சீட்டுக்குப் புதுப் பஞ்சு வைத்துத் தைத்து அவள் அறையில் போட்டுக் கொடுத்தேன். அட்டையில் மீட்டர்கள் வரைந்து சுவரில் ஒட்டினாள். பிடிப்பதற்குக் குடைக் காம்பு. அந்த சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, கிளம்புவதிலிருந்து கொண்டுவந்து நிறுத்துவது வரை வாயால் சொல்லிக்கொண்டே கையால் செய்வாள். விமானம் படிக்கிறவர்கள் எல்லோரும் வீட்டில் இப்படிச் செய்வார்களாம். கண்ட்ரோல் டவர் நான்தான். அவள் இறங்கப் போகும் நேரம் பார்த்து, "கேப்டன், ரன்வேயில மாடு நிக்குது" என்பேன். "மாடு உங்க சொந்தக்காரங்களா மாமா? சரி, ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு போவாள்.

அவளுக்கு மீன் வளர்ப்பதும் கிடார் வாசிப்பதும் பிடிக்கும். மீன் நன்றாக வளர்ந்தது. கிடாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. பயிற்சி கடுமையாகிவிட்டதால், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கிடாரை மருந்துக்கடைக்காரர் மகளிடம் கொடுத்தாள். அதன் பிறகு மீன் தொட்டியை மீனோடு எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுக்க முடிவு செய்தாள். அந்த அம்மாவை நான்தான் மாடியிலிருந்து கூப்பிட்டேன். "எங்க கேப்டனுக்கு உலகமே வெறுத்துப்போச்சு, சொத்தையெல்லாம் பிரிச்சுக் குடுக்குது, சீக்கிரம் வந்து உங்க பங்கை வாங்கிக்குங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பக்கத்தில் நின்ற அவளும் சிரித்தாள்.

மறுநாள் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் முதல் முறையாக ஜெட்டைத் தனியாக ஓட்ட வேண்டும். முந்தின சாயங்காலம் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல மாட்டை நிறுத்தினேன். அவள் சுற்றப் போனாள். என் மனைவி, "சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் இறங்குங்க" என்று சத்தம் போட்டாள். "அக்கா, இன்னும் தரை தொடல, ஒரு நிமிஷம்" என்றாள். அதன் பிறகு இறக்கி, நிறுத்தி, இல்லாத சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து, இல்லாத கதவைத் திறந்துகொண்டுதான் எழுந்தாள். யார் கூப்பிட்டாலும், வாசலில் மணி அடித்தாலும், பாதி வானத்தில் அவள் ஒருநாளும் எழுந்தது இல்லை.

அடுத்த நாள் விமானம் இறங்க வரும்போது விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்கென்று இருக்கிற அதிகாரிகள் பார்க்கிறார்கள்.

அதன் பிறகு எதிர்வீட்டு அம்மா, அவள் வாழ்க்கை வெறுத்துப் பொருளை எல்லாம் கொடுத்துவிட்டாள், அவள் மாமாவே சொன்னார் என்று இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆய்வாளர் அவர்கள், அவளே வேண்டுமென்று விமானத்தை விழவைத்தாளா என்று என் மனைவியிடம் கேட்டார். அன்றிலிருந்து என் மனைவி, "நான் வளர்த்ததுல என்னங்க கொறை?" என்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மா மேல் தப்பு இல்லை. "நீங்க சொன்னதைத்தானே தம்பி சொன்னேன்" என்று அழுதார். நான் சொன்னதுதான். அது விளையாட்டுக்குச் சொன்னது என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டியைக் கொடுத்த காரணம் எனக்கு அப்போது தெரியாது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு வண்டி வந்தது. இரண்டு பேர் பழையதைப்போல் இரண்டு மடங்கு நீளமான புதுத் தொட்டியைத் தூக்கி வந்தார்கள். அவள் முன்பே சொல்லிச் செய்யவைத்தது. கூடத்தில் எந்தச் சுவர் ஓரமாக வைப்பது என்றுகூட அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி அந்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள். "மீன் எப்போ சார் விடுவீங்க?" என்று அதில் ஒருவர் கேட்டார். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. கையெழுத்தோடு ரேகையும் வேண்டும் என்றார்கள், வைத்தேன். புதுத் தொட்டி வந்த இடத்தை அவர் இன்னொரு முறை படித்தபோது மேசையில் இருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அது மை துடைக்கும் துணி. எழுத்தர் சோப்பு கொடுத்தார். கழுவினேன், போகவில்லை. முகம் நீலமாக இருக்கும் நிலையிலேயே கீழே கையெழுத்துப் போடுகிறேன்.