வரவா, வாங்கவா?

விழாத் தலைவராய் வீற்றிருக்கும் மன்றத்தின் மூச்சு, மாலை போட வந்தவர்களுக்கே மாலை போட்டு அனுப்பும் மனசுக்காரர், அண்ணன் தணிகாசலம் அவர்களே, காலையில் கழனிச் சேற்றையும் மாலையில் தொழிற்சாலைச் சிமெண்டையும் மிதித்துவிட்டு வந்திருக்கும் ஒரகடத்துப் பெரியவர்களே, கடாய் கழுவிய ஈரக் கையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கேன்டீன் தாய்மார்களே, என் பேச்சைக் கேட்டே தீருவேன் என்று சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் என் மாமியார் அன்னபுஷ்பம் அத்தை அவர்களே, முதல் ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாத தோழர்களே, இரண்டாம் ஷிப்டு தொடங்கியும் உள்ளே போகாத தோழர்களே (சூப்பர்வைசர் மூன்றாவது தூணுக்குப் பின்னால் நிற்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்), அத்தனை பேருக்கும் கணிப்பொறிப் பிரிவு சகாயமேரியின் அன்பு கனிந்த மாலை வணக்கம்.

நம் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கணிப்பொறியும் தொழிலாளியும்'. பத்து நிமிடம் என்றார் தலைவர். அண்ணா, கணிப்பொறியைப் பற்றி மட்டும் பேசினால் பத்து நிமிடம் அதிகம். ஒரு பெண் அந்தக் கணிப்பொறியை எதற்காகப் பிடித்து உலுக்கினாள் என்று பேசினால் பத்து நிமிடம் போதாது. மணியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் நம் டூல் ரூமில் இருந்தவர். எண்களைக் கொடுத்து இயந்திரத்தை இரும்பு வெட்ட வைக்கும் வித்தையைக் கற்றுவர, கம்பெனி அவரை ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பியது. ஒரு வருடம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

"யாரு அவரு? பேர் இன்னா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். அவரோடு ஒரே மேசையில் டீ குடித்தவர்கள் நீங்கள். என் வாயிலிருந்து அந்தப் பெயர் வர வேண்டும், அதற்கு நீங்கள் கைதட்ட வேண்டும், அவ்வளவுதானே? நடக்காது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்தபோது சாமியார் சொன்ன பெயர், ஊரே கேட்ட பெயர், நான் மட்டும் சொல்லாத பெயர். வெளிநாட்டுக்குப் போடும் ஏரோகிராம் கடிதத்தின் மேல் முகவரி எழுதுவதுகூட என் பக்கத்து நாற்காலி கங்காதான்.

பிரிவு என்றால் என்ன தோழர்களே? காதலர்கள் மட்டும் அனுபவிக்கும் கவிதையா? கடற்கரையில் நின்று பாடும் பாட்டா? எனக்கு அது நம் கம்பெனி பஸ்ஸின் ஒரு இருக்கை. காலையில் ஸ்டேஷனில் ஏறுகிறேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை, ஆனாலும் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டீர்கள். மரியாதைக்குத்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர் உட்கார்ந்து வந்த அந்த இடம் காலியாகக் குலுங்கிக்கொண்டு வருவதை ஒரகடம் வரைக்கும் பார்த்துக்கொண்டு வருகிறவள் நான். ஏரி வரும், கருவேலங்காடு வரும், நம் கேட் வரும், அவர் மட்டும் வர மாட்டார். ரொம்ப ஏக்கமாக இருக்கும், ஒளிப்பானேன்.

இந்த நிலையில்தான் அவரிடமிருந்து ஒரு ஏரோகிராம். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். கேள்வி ஒரே வரி. "மேரி, நான் வரவா, இல்லை இருந்து வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் வாங்கவா?" அந்தத் தாள் ஸ்ரீபெரும்புதூர் சுற்றி என் கைக்கு வருவதற்குள் மாதமே பாதி போய்விட்டது. நான் பதில் எழுதிப் போட்டால் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போய்ச் சேரும்.

"போன் போடறதுதானே?" என்கிறார் தலைவர் அண்ணன். போடலாம். வெளிநாட்டுக்குப் பேச ஒரே போன்தான், அது மேனேஜர் அறையில் இருக்கிறது. அங்கே மேனேஜர், அவர் உதவியாளர், டைப்பிஸ்ட், டீ கொண்டுவந்தவர், நாலு பேர் முன்னால் நின்று "வாங்க" என்று சொல்ல எனக்கு வெட்கம். நானூறு பேர் முன்னால் மட்டும் பேசுகிறாயே என்று கேட்பீர்கள். நாலு பேர் முன்னால்தான் வெட்கம், நானூறு பேர் முன்னால் அது காணாமல் போய்விடுகிறது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது நம் கணிப்பொறி. கோவில் மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகிறோமே, அந்தக் குளிர் அறைக்குள் இருப்பது. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, மதியத்தில் மெட்ராஸுக்குத் தானே போன் போட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தக் கத்தலில் மடல் போகும். அங்கிருந்து கடல் தாண்டும், அவர் படிக்கும் கல்லூரிக் கணிப்பொறிக்கே போகும். ஆனால் எங்கள் இயந்திரத்தோடு வந்த மடல் நிரல் ஒரு முரட்டுப் பிறவி, கடல் தாண்டும் நீளமான முகவரியைக் கண்டால் பாதியில் வெட்டிவிடும். வேறு ஒரு நல்ல நிரலை எங்கள் எஞ்சினியர் கோபால் சார் மெட்ராஸிலிருந்து பிளாப்பித் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். கொண்டுவந்தது மூலம்.

சிரிக்காதீர்கள். அந்த மூலம் இல்லை, அதற்கு டவுனில் டாக்டர் இருக்கிறார். இது மூல நிரல். எழுதினவர் எழுதியபடியே வரும், நம் இயந்திரத்துக்கு அது புரியாது. கடையில் இட்லி வாங்குவது ஒன்று, அரிசியும் உளுந்தும் வாங்கிவந்து ஊறவைத்து ஆட்டிப் புளிக்கவைத்து ஊற்றுவது ஒன்று. இது இரண்டாவது வகை. ஆட்டும்போது கல் கடிக்கும். ஒரு கோப்பைக் காணோம் என்று நின்றது. தேடிக் கொடுத்தோம். ஒரு சொல் புரியவில்லை என்று நின்றது. மாற்றிக் கொடுத்தோம். கோபால் சார் தலையைச் சொறிந்தார், கங்கா வெற்றிலை வைத்துக் கும்பிடலாமா என்று கேட்டாள், நான் மாதாவை வேண்டினேன். மூன்று மதத்து உழைப்பில் அந்த நிரல் எழுந்து உட்கார்ந்தது. கோபால் சாருக்கு என்ன மதம் என்கிறீர்களா? அவருக்குக் கையேடுதான் மதம்.

எழுந்து உட்கார்ந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தது பாருங்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்டதில்லை. உன் இயந்திரத்துக்குப் பெயர் என்ன? மடலை எங்கே வைப்பாய்? எதைக் கொண்டு எழுதுவாய்? உன் ஊர் நேரம் உலக நேரத்துக்கு எத்தனை மணி முன்னால்? ஐந்தரை என்றேன். முழு மணியாகச் சொல் என்றது. உலகத்தில் எல்லா ஊருக்கும் முழு மணிதான் என்று எழுதினவர் நினைத்துவிட்டார். நம் ஊர் அரை மணி எங்கே போகும்? அவருடைய காலைக்கும் என்னுடைய மதியத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்த அரை மணியை விட எனக்கு மனசு வரவில்லை. கோபால் சார் மூலத்துக்குள்ளேயே போய் அதைச் சேர்த்துக் கொடுத்தார்.

கடைசியில் முகவரி. நீளமான முகவரிக்கு ஒரு செல்லப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது நிரல். எனக்கு எவ்வளவு வசதி. வேறென்ன வைப்பேன்? ஆங்கில எழுத்தில் 'அவர்' என்று வைத்தேன். மடலின் தலையில் பெறுநர்: அவர். என் வாழ்க்கையே அந்த ஒரு சொல்லில்தானே ஓடுகிறது. அவர் சாப்பிட்டார், அவர் வந்தார், அவர் போனார். ஊரில் எத்தனை ஆண்கள் இருந்தாலும் ஒரு பெண் 'அவர்' என்றால் அது யார் என்று ஊருக்கே தெரியும்.

கணிப்பொறிக்குத் தெரியவில்லை. செல்லப் பெயரை எழுதினால் மட்டும் போதாதாம், எழுதியதை நிரலுக்குப் படித்துக்காட்ட வேறொரு கட்டளை உண்டாம், அதை நான் போடவில்லை. அனுப்பிய மடல் திரும்பி வந்து திரையில் நின்றது. தமிழில் சொன்னால் இப்படி: 'அவர் என்று இங்கே யாரும் இல்லை.'

தாய்மார்களே, எனக்குத் தெரியும் அது இயந்திரம். அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த வரியைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். டம்ளர் எடுக்க வந்த கேன்டீன் கோவிந்தம்மா அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாடி மேரி, மெசினு முன்னாடி ஒக்காந்துகினு அழுவுற? அது இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டார். அவர் இல்லையாம் அக்கா என்றேன். அக்கா அந்தக் கணிப்பொறியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு அது எங்களிடம் வாலாட்டியதே இல்லை.

நேரமில்லை, முகவரியை முழுசாகவே அடி என்றாள் கங்கா. முகவரியின் தலையிலேயே அவர் பெயர் இருக்கிறது. நீயே அடித்துக் கொடு என்றேன். மாட்டேன், விரலால் சொன்னால் ஆயுசு குறையாது, அடி என்றாள். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அவர் பெயரை நான் எழுதிப் பார்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு அழகான பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மடலில் என்ன எழுதினேன்? கோபால் சாரும் பார்க்கும் இயந்திரம். ஊர்க் கதையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கடைசியில் அவர் கேள்விக்கு ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். 'வாங்க.' மடல் போனது. திரும்பி வரவில்லை. நானும் கங்காவும் கைகோத்துக் குதித்தோம், வெறுங்காலோடு.

மறுநாளே அவரிடமிருந்து பதில். 'ரொம்ப சந்தோஷம் மேரி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதலில் என்ன வாங்க? கலர் டிவியா, மிக்சியா?'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், கங்காவும் சிரித்தாள். வரவா, வாங்கவா என்று கேட்டவருக்கு 'வாங்க' என்று பதில் போட்டால் அவர் என்ன நினைப்பார், பாவம்? வருகிறவரை அழைப்பதும் வாங்க, கடையில் பொருளைக் கொள்வதும் வாங்க. என் குரலில் கேட்டிருந்தால் மாற்றிப் புரிந்திருப்பாரா? அரை மணி நேரத்தைக்கூட விடாமல் சேர்த்துக்கொண்ட நிரலில் என் குரலைச் சேர்க்க இடமில்லை.

உடனே அடித்தேன். 'ஒண்ணும் வாங்க வேணாம். நீங்க வாங்க.' அதற்கு அவர் எழுதியதை மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் எங்களுக்குள். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் இருக்கிறதாம். 'ஆனால் நீ எனக்காக விட்டுக்கொடுக்கிறாயோ, ஆசைப்பட்டுத்தான் கூப்பிடுகிறாயோ, திரையில் ஒன்றும் தெரியவில்லை மேரி. ஒரு தடவை உன் வாயால் சொல். வந்துவிடுகிறேன்.'

தோழர்களே, கோபால் சார் இந்த ஞாயிற்றுக்கிழமை அதே கல்லூரிக்கு விமானம் ஏறுகிறார். இதோ மேடைக்குக் கீழே மைக்செட் சுப்பிரமணி அண்ணன் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதே, அது டேப் ரிக்கார்டர். நான் வணக்கம் சொன்ன நேரத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பேச்சு உங்களுக்கு மட்டும் இல்லை.

மறுபடியும் பேர், பேர் என்கிறீர்கள். இருங்கள், அத்தையைக் கேட்கிறேன். அத்தை, பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றீர்கள். இரண்டு வருடம் அவர் அங்கே, நான் இங்கே என்று போனால், அது குறைந்த ஆயுசு இல்லையா? அந்தப் பக்கம் அவர் ஆயுசில் இரண்டு, இந்தப் பக்கம் என் ஆயுசில் இரண்டு, பிள்ளையைப் பார்க்காத உங்கள் ஆயுசில் இரண்டு. இதைவிடவா ஒரு பெயர் குறைத்துவிடும்? சொல்லட்டுமா அத்தை?

அத்தை என்ன சொன்னார் என்று பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். "சொல்லுடி. சத்தமா சொல்லு, அவன் காதுக்கு வுழட்டும்" என்கிறார்.

அதற்கு முன் நன்றி. வாய்ப்புத் தந்த தலைவருக்கு நன்றி. மூலத்தை மாவாய் ஆட்டிக் கொடுத்த கோபால் சாருக்கும், முகவரி எழுதிக் கொடுத்தும் கடைசியில் எழுத மறுத்தும் என்னை வாழவைத்த கங்காவுக்கும் நன்றி. கம்பெனி பஸ் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இருக்கையில் யாராவது உட்காருங்கள் என்று கேட்கத்தான் மேடை ஏறினேன். வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் காலியாகவே வரட்டும். உங்கள் எல்லோருக்கும் விடைபெறும் வணக்கம். இனி நான் சொல்லப்போகும் வணக்கம் வேறு ஒருவருக்கு, அது வரவேற்கிற வணக்கம். சுப்பிரமணி அண்ணே, சவுண்டை ஏத்துங்க.

கிறிஸ்துதாஸ். கேட்குதா? நான் விட்டுக்கொடுக்கவில்லை, ஆசைப்பட்டுத்தான் கூப்பிடுகிறேன். டிவி வேணாம், மிக்சி வேணாம், ஒண்ணும் வாங்க வேணாம். கிறிஸ்துதாஸ், நீங்க வாங்க.

வணக்கம்.